பெண் பார்க்க வந்த நாளில் ஒரு திமிங்கலச் சுறா

1

போன வாரம் சாராவின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. சாரா என் மகள், ஆறு வயது. பேசியவர் அவளுடைய வகுப்பு ஆசிரியை. இந்த ஊரில் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் நல்ல செய்தி சொல்வார்கள். சாரா நன்றாகப் படிக்கிறாள், எல்லோருடனும் பகிர்ந்து சாப்பிடுகிறாள் என்று அவர் ஆரம்பித்ததுமே நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். அப்பாவும் அம்மாவும் முதன்முதலில் எப்படிச் சந்தித்தார்கள் என்று பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் காபிக் கடையையும் கல்லூரியையும் கால்பந்து மைதானத்தையும் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். என் மகள் வரைந்தது ஒரு பெரிய மீன். அதைச் சுற்றிக் கத்தியோடு ஆட்கள். தலையில் கைவைத்து அழுகிற ஒரு வேட்டிக்காரர். தண்ணீருக்குள் வாயைப் பிளந்து கத்துகிற ஒரு பெண். மணலெல்லாம் சிந்திக் கிடக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று.

"அந்த ஆரஞ்சு நிறம் என்னவென்று கேட்டேன். ஆச்சி ஆட்டோவில் கொண்டுவந்தது என்கிறாள்," என்றார் ஆசிரியை. பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டில் எல்லாம் நலம்தானே?" என்றார்.

அது கேசரி என்றேன். கேசரி என்றால் என்ன என்றார். ரவை என்றேன். ரவை எதற்குக் கடற்கரைக்கு வந்தது என்றார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்காக என்றேன். அவர், "புரிகிறது" என்றார், நம் ஊர் அலுவலகங்களில் "நாளைக்கு வாங்க" என்பார்களே, அதே குரலில்.

அன்று மாலை என் கணவர் ஜெபராஜிடம் சொன்னேன். "உண்மையச் சொல்லிர வேண்டியதுதான?" என்றார்.

"சொன்னேன். அதுதான் இப்பப் பிரச்சினை."

ஆஸ்திரேலியாவில் இந்த ஹோபார்ட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அந்த ஆசிரியைக்குப் போனில் சொல்லி முடிக்க முடியாததை உங்களுக்கு நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குக் கேசரியை விளக்க வேண்டியதில்லை. பாதி வேலை மிச்சம்.

2

என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரம் கல்மண்டபத்தில் மளிகைக் கடை வைத்தவர். வீட்டுக்குள் தூத்துக்குடித் தமிழ், வாசலைத் தாண்டினால் மெட்ராஸ் பாஷை. நான் இரண்டிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். கடல் உயிரியல் படித்து முடித்ததும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை கிடைத்தது. விடிந்ததும் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், படகிலிருந்து இறங்கும் சுறாக்களையும் திருக்கைகளையும் அளக்க வேண்டும். ஆணா, பெண்ணா, வயிற்றில் குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுறா மெதுவாக வளரும். பருவத்துக்கு வரவே வருடக்கணக்கில் ஆகும். குட்டியும் கொஞ்சமாகத்தான் போடும். நாம் பிடிக்கிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. இதை நான் சொன்னால் யாருமே மறுத்ததில்லை. "ஆமாமா, பாவம்" என்று தலையாட்டிவிட்டு, இன்றைக்குப் பால்சுறா என்ன விலை என்று கேட்பார்கள். என் அம்மா உட்பட. எங்கள் தெருவில் யாருக்குப் பிரசவமானாலும் அம்மா சுறாப்புட்டு செய்து தூக்குவாளியில் எடுத்துப் போவாள். நான் முறைத்தால், "பிள்ளைக்குப் பால் வேண்டாமாட்டி?" என்பாள்.

வேலையின் வாசனை என்னோடு வீடு வரைக்கும் வரும். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்காமல் போனதே இல்லை. பக்கத்து சீட்டும் சேர்த்தே கிடைக்கும்.

இந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும் என்றால் அப்பாவின் நிலைமையை யோசியுங்கள். தரகர் வந்து படிப்பைக் கேட்டார். "மரைன் பயாலஜி" என்றார் அப்பா. தரகர் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். "பொண்ணு மரைன். கப்பல் சம்பளம். வருசத்துல ஆறு மாசம் வீட்டுலயே இருக்காது" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். மாமியார் ஆகக் காத்திருந்த சிலருக்கு அந்தக் கடைசி விஷயம் ரொம்பப் பிடித்திருந்தது.

அப்படி வந்த வரன்தான் ஜெபராஜ். துறைமுகச் சாலையில் அவர்களுக்கு வலைக்கடை. நைலான் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் கிடைக்கும். சுறாவைக் காப்பாற்றப் பாடுபடுகிற பெண்ணுக்கு வலை விற்கிற வீட்டில் மாப்பிள்ளை.

"நான் அங்க போய் எப்படிப்பா இருப்பேன்?" என்றேன்.

"எல்லாரும் இருக்க மாதிரி இரு. இதுவும் முடியலன்னு வை, இந்த மீன் நாத்தத்த விட்டுட்டு பி.எட். படிச்சு டீச்சர் வேலைக்குப் போயிரணும்."

"முடிஞ்சிருச்சுன்னா?"

"முடிஞ்சா அவிய என்ன சொல்லுதாவளோ அது. வலைக்கடை மருமவ துறைமுகத்துல சுறாவ அளந்துகிட்டு நிக்க முடியுமாட்டி?"

ஆக, வரன் அமைந்தாலும் வேலை போகும், அமையாவிட்டாலும் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வருவதாக ஏற்பாடு.

3

இங்கே நிறுத்தி, நான் இப்போது இருக்கிற ஊரைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அடியில், கைநழுவி விழப்போகிற மாதிரி ஒரு தீவு இருக்குமே, அதில் இருக்கிறது ஹோபார்ட். இங்கேயும் எனக்குச் சுறாவும் திருக்கையும்தான் வேலை. ஆனால் பெரும்பாலும் உயிரோடு இருக்கும் சுறா, உயிரோடு இருக்கும் திருக்கை. இந்த வித்தியாசம் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது.

வந்த புதிதில் பக்கத்து அலுவலகக்காரர் "ஹவ் ஆர் யூ கோயிங்?" என்பார். நானும் தினமும் "பஸ்ஸில்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சௌக்கியமா என்று கேட்கிறார் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவர் என் பொருளாதார நிலைமை குறித்துக் கவலைப்பட்டு ஒரு பழைய சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். முதல் கூட்டத்தில், நாம் கல்லூரியில் கேட்கிற மாதிரி, "ஐ ஹேவ் எ டவுட்" என்று கையைத் தூக்கினேன். இங்கே அதற்கு "உங்கள் ஆராய்ச்சியை நான் நம்பவில்லை" என்று அர்த்தமாம். பேசிக்கொண்டிருந்த பெரியவர் முகம் வெளுத்து, உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினார். எனக்கு ஜன்னலைச் சாத்தலாமா என்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் பரவாயில்லை. முதல் வாரம் சாப்பிடப் போன கடையில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள். 'ஃபிளேக்' என்று எழுதியிருந்தது. முள்ளே இல்லை. இவ்வளவு நல்ல மீனா என்று நானும் ஜெபராஜும் இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டோம். மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். ஃபிளேக் என்றால் சுறா. அம்மாவின் புட்டுக்குப் பல வருடம் முகத்தைத் திருப்பியவள், விமானம் ஏறி வந்து காசு கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

சாராவுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. பிறந்தநாள் விருந்துகளில் ஃபிளேக் இல்லாமல் அவளுக்கு இறங்காது. "அது சுறாடா கண்ணு" என்றேன் ஒருநாள். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"சுறா உன் ஆபீஸ்ல இருக்கும்மா. இது ஃபிளேக்."

நான் சென்னைக்குப் போன் பேசும்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். "ஏன் ஆச்சிகூடச் சண்டை போடுற?" என்று கேட்கிறாள். நாங்கள் குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றால் நம்புவதில்லை. அப்பாவுக்கு அவள் பெயர் வாயில் நுழைந்தும் நுழையாமலும், "சுறா என்ன பண்ணுதா? சாப்பிட்டாளா?" என்றே இப்போதும் கேட்கிறார். வேண்டுமென்றே சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த ஊர் அர்த்தத்தில்.

4

அந்த ஞாயிறு மதியம் என்னைப் பட்டுப்புடவையில் சுற்றி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து உட்கார வைத்திருந்தார்கள். அம்மா அடுப்பில் கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து அப்பா கத்தினார்: "ஏட்டி, போன்! உன் மீன்காரிதான்!"

கடை எண்ணை மீனவர் குப்பங்களில் கொடுத்து வைத்தது நான்தான். ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து மணிக்கு மேல் போனை எடுக்க ஆள் இல்லை. அதனால் பெரிய சுறா ஏதாவது வலையில் விழுந்தால் அப்பாவின் கடைக்குத்தான் தகவல் வரும். "பொன்னி அரிசி ஒரு மூட்டை, துவரம்பருப்பு, எண்ணூர்ல கொம்பன் சுறா ஒண்ணு" என்று அவர் வரிசையாகச் சொல்வார்.

அன்று பேசியது திருவொற்றியூர் தேசம்மா அக்கா. கூடையில் மீன் விற்பவர்; குப்பத்தில் சுறாப் படங்களைக் காட்டி நான் பாடம் நடத்தியதிலிருந்து என்னை டீச்சர் என்பார். அவர் கணவர் ஏழுமலைக்குச் சொந்தமாகப் பெரிய கரைவலை இருந்தது. கரையில் நின்று இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுப்பார்களே, அந்த வலை.

"டீச்சரு, சீக்கிரம் வா. நீ படம் காட்டுனியே, புள்ளி புள்ளியா ஒரு சுறா, அது வலையில மாட்டிகினு கீது."

"எவ்ளோ பெருசுக்கா?"

"எம்மாம் பெர்சுன்னு கேக்காத. பஸ்ஸு நிக்கிற மாதிரி கீது. ஆம்பளைங்கல்லாம் கத்திய எட்த்துகினு நிக்கிறானுங்க. நா இன்னா சொன்னாலும் கேக்க மாட்றானுங்க."

திமிங்கலச் சுறா. கடலில் அதைவிடப் பெரிய மீன் இல்லை. யாரையும் கடிக்காது, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி உயிர்களை வடிகட்டித் தின்னும். அதைப் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் அப்போதுதான் புதிதாகச் சட்டம் போட்டிருந்தது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. புத்தகத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த மீன்.

"அரை மணி நேரத்துல வந்துருவேன்ப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

"ஏட்டி! பட்டுச்சேல!" என்று அப்பா கத்தியது ஆட்டோவில் ஏறும்போதும் கேட்டது.

5

திருவொற்றியூர் கடற்கரையில் நூறு பேராவது நின்றிருப்பார்கள். இடுப்பளவுத் தண்ணீரில், வலையின் பை போன்ற மடிக்குள், அது கிடந்தது. இளவட்டம்தான், முழுதாக வளரவில்லை. அப்படியும் பாதி பஸ் இருக்கும். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், யாரோ பொறுமையாக உட்கார்ந்து கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. செவுள்கள் மெதுவாகத் திறந்து மூடின. உயிர் இருந்தது. ஆனால் அலை ஒவ்வொரு தடவையும் அதைக் கரைப்பக்கமாகவே தள்ளியது. மணலில் வயிறு தட்டிவிட்டால் அதன் எடையே அதை நசுக்கிவிடும்.

முதலில் அதிகாரிகளுக்குச் சொல்லலாம் என்று நெடுஞ்சாலை முனையில் இருந்த மஞ்சள் போன் பெட்டிக்கு ஓடினேன். எந்த இலாகா என்று பெயர் சொல்ல மாட்டேன். அப்பா இன்னும் அந்த ஊரில்தான் கடை வைத்திருக்கிறார். முதல் இலாகா என்றும் இரண்டாம் இலாகா என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இலாகாவில் ஒருவர் கொட்டாவியோடு எடுத்தார். "என்னது, புலியா? திருவொத்தியூர்லயா?"

"புலி இல்ல சார். சுறா. புலிக்கு இருக்கிற சட்டம்."

"சுறான்னா மீனும்மா. மீனுன்னா அவங்க," என்று வைத்துவிட்டார்.

இரண்டாம் இலாகாவில் பேசியவர் மிகவும் மரியாதையானவர். "அந்தச் சட்டத்துல சேர்த்துட்டாங்கன்னா அப்புறம் அது மீனே இல்லம்மா. அவங்கதான் பாக்கணும்."

"அது தண்ணியிலதானே சார் இருக்கு?"

"கரையோரம்னு சொன்னீங்க?"

"ஆமா, கரையோரம்."

"ஓரம்னா தண்ணியா, மணலா? அதப் பாத்துச் சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரி ஆள் அனுப்பலாம்."

திரும்பி ஓடி வந்தேன். இதற்குள் ஒருவர் கத்தியோடு தண்ணீரில் இறங்கியிருந்தார். ஈரலை உருக்கினால் படகுக்குப் பூச எண்ணெய் கிடைக்குமாம். நானும் புடவையோடு இறங்கி அவருக்கும் மீனுக்கும் நடுவில் போய் நின்றேன். அந்தப் புடவையின் கதை அந்த நொடியோடு முடிந்தது.

"இதும்மேல கத்தி வெச்சே, புலிய வெட்டுன கேஸு வரும் அண்ணே!" என்று கத்தினேன்.

அவர் மீனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "புலின்றே, வரி எங்கமே? புள்ளிதான் கீது. சிறுத்தன்னு சொல்லு, ஒத்துக்கிறேன்."

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது நல்லதாகப் போயிற்று. சிரிக்கிறவர்கள் வெட்ட மாட்டார்கள். அந்த இடைவெளியில் நான் ஏழுமலையிடம் போனேன். வலை அவருடையது, முடிவும் அவருடையது.

"நைனா, மடியை அறுத்துவிட்டா இது போயிடும். இழுத்து வெளியே எடுக்க முடியாது. அறுத்தே ஆகணும்."

"இன்னா சொல்றே நீ?" என்றார் அவர். கோபம்கூட இல்லை, களைப்புதான். "வலைய அற்த்துட்டு நாளைக்கு இத்தினி பேரும் இன்னா பண்றது? ஒனக்கு மீனு. எனக்கு வூடு கீது, ஆளுங்க கீது."

அவர் சொன்னது நியாயம். நான் சொன்னதும் நியாயம். தேசம்மா அக்கா கரையிலிருந்து கணவரைத் திட்ட ஆரம்பித்தார். அவர் திருப்பித் திட்டினார். மீனை மறந்து சண்டை அவர்கள் கல்யாணம் வரைக்கும் போய்விட்டது. செவுள் திறந்து மூடுவதற்கான இடைவெளி கூடிக்கொண்டே போனதை நான் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. கத்துவதைத் தவிர எதுவும் தோன்றாததால் கத்திக்கொண்டே இருந்தேன். கயிற்றை இளக்கு, தள்ளி நில்லு, அலைப்பக்கம் திருப்பு என்று. ஆச்சரியம், ஆட்கள் செய்தார்கள்.

6

அப்போதுதான் வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் என் அப்பா. என்னையும் புடவையையும் பார்த்தார். தலையில் கை வைத்து அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். சாரா வரைந்த வேட்டிக்காரர் அவர்தான். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அப்பா பொன்னையா, அம்மா ரூபி, புதுச்சட்டை போட்ட ஜெபராஜ். வீட்டில் பெண் இல்லை, கடற்கரையில் இருக்கிறாள் என்றதும் ரூபி அத்தை, "அப்பம் அங்கயே போய்ப் பாத்துருவோம்" என்று வேனைத் திருப்பச் சொல்லியிருக்கிறார்.

"கப்பல் எங்க?" என்று கேட்டாராம் பொன்னையா மாமா. அவர் அதுவரை மரைன் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் கண் கப்பலைத் தேடுவதற்குள் வேறொன்றில் விழுந்தது. "ஏ ஏழுமலை! இது நம்ம கடை வலையில்லா?"

"ஆமா மொதலாளி. அறுக்கச் சொல்லுது இந்தப் பொண்ணு."

"நம்ம வலைய அறுக்க முடியாதே! எவ்வளவு பெரிய மீனு பாரு, ஒரு கண்ணி போச்சா?" வியாபாரிக்குப் பெருமை தாங்கவில்லை. கூடியிருந்தவர்களிடம் திரும்பி, வலையின் தரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ரூபி அத்தை அவரைப் பேசவிடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "அறுத்தா அது பொழைச்சுப் போவுமாம்மா?"

"போகலாம். அறுக்கலன்னா கண்டிப்பா செத்துடும்."

அவர் கணவரிடம் திரும்பினார். "கடையில வலை சும்மாதான கெடக்கு? அறுத்த எடத்துக்கு நீங்க குடுத்துருங்க. எந்த வலையாலயும் முடியாதத நம்ம வலை பண்ணிச்சுன்னு பெரும பேசுதியல்லா? அந்தப் பெருமைக்குக் குடுங்க." பிறகு மகனிடம், "எல, நீ என்ன சட்ட அழுக்காவும்னு நிக்கியா? எங்க அறுக்கணும்னு போய்க் காட்டு."

ஜெபராஜுக்கு நீச்சல் தெரியாது. இன்றும் தெரியாது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, முகம் வெளிறி, ஓர் அடிக்கு ஒரு தரம் நின்று நின்று தண்ணீருக்குள் வந்தார். வலையைத் தடவிப் பார்த்து, இரண்டு துண்டுகளைக் கோத்திருக்கும் இடத்தைக் காட்டி, இங்கே பிரித்தால் திரும்பக் கோத்துவிடலாம் என்று ஏழுமலையிடம் சொன்னார். என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை, "இது கடிக்குமா?"

"கடிக்காது. பல்லு அரிசி மாதிரிதான் இருக்கும்."

"நெறைய அரிசியா?"

ஏழுமலை கத்தியை வாங்கினார். ஒரு நிமிடம் மனைவியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். பிறகு மளமளவென்று அறுத்தார். மடி திறந்தது. எல்லோரும் விலகினோம்.

மீன் போகவில்லை.

அப்படியே கிடந்தது. "போ! போடா! அதான் திறந்துவிட்டாச்சுல்ல! இவ்ளோ பேர் உனக்காக நிக்கிறாங்க, போயேண்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சுறாவுக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஒரு பெரிய அலை வந்து அதைத் தூக்கியது. அது வாலை ஒரு வீச்சு வீசித் திரும்பியது. வாலின் காற்றோ, தண்ணீரோ, பயமோ, ஏதோ ஒன்று ஜெபராஜைச் சாய்த்துவிட்டது. மாப்பிள்ளை தண்ணீருக்குள் காணாமல் போனார். நான் கையை விட்டுத் துழாவி, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினேன். இருமிக்கொண்டே எழுந்தவர், "போயிடுச்சா?" என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது புள்ளிகள் பச்சைத் தண்ணீரில் மங்கிக்கொண்டிருந்தன. எண்ணூர்ப் புகைபோக்கிகளின் திசையில் ஒரு துடுப்பு தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

கரையில் விசில் பறந்தது.

7

விசாவுக்கு விண்ணப்பித்த காலத்தில் ஓர் ஏஜென்ட் எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். வழக்கப்படி ஜெபராஜைத்தான் பார்த்துப் பேசினார். விண்ணப்பதாரர் நான், அவர் துணை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"மனைவி என்ன வேலை சார்?"

"சுறா."

"நீங்க?"

"வலை."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "சண்டை வராதா?" என்றார். அது விண்ணப்பத்தில் இல்லாத கேள்வி. வரும். ஆனால் இங்கே படகுச் சாமான் கடையில் கயிறு பின்னிக் கொடுப்பவர்களில் ஜெபராஜுக்குத்தான் கிராக்கி. "ஜெப்" என்று தேடி வருகிறார்கள். ஊரில் பாதிப் படகுகள் அவர் முடிச்சில்தான் நிற்கின்றன. என்னைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை.

8

அன்றைய கதையில் மிச்சம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நேரம் பார்த்தும் யாரும் வீட்டுக்குத் திரும்பாததால் என் அம்மா கேசரியையும் பஜ்ஜியையும் பாத்திரத்தோடு ஆட்டோவில் ஏற்றிக் கடற்கரைக்கே வந்துவிட்டாள். கயிறு இழுத்தவர்கள் எல்லோரும் பசியோடு இருந்தார்கள். சம்பந்திக்கென்று செய்த பஜ்ஜி நான்கு பக்கமும் கைமாறிப் போயிற்று. சிறுத்தை என்று சொன்ன அண்ணன்தான் முதலில் கை நீட்டினார்.

சரியாக அப்போது இரண்டு ஜீப்புகள் வந்தன. முதல் இலாகாவும் இரண்டாம் இலாகாவும். போனில் யாருக்குமே சொந்தமில்லாத மீன், போன பிறகு இருவருக்கும் சொந்தமாகிவிட்டது. எங்களுடையது என்றார் ஒருவர். தண்ணீரில்தானே இருந்தது, எங்களுடையது என்றார் மற்றவர். மீன் இல்லாததால் கிழிந்த வலையோடு தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கடைசித் தட்டுக் கேசரிக்கு இரண்டு இலாகாவும் ஒரே நேரத்தில் கை நீட்டியதில் அது மணலில் கவிழ்ந்தது. படத்தில் இருந்த ஆரஞ்சு நிறம் அதுதான்.

ரூபி அத்தை ஒரு கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, முறை தவறக் கூடாது என்று, "பொண்ணு பாடுமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தேசம்மா அக்கா குறுக்கே வந்தார். "இன்னாது, பாட்டா? இது கத்துன கத்துல அம்மாம் பெரிய மீனே பயந்து ஓடிப்போச்சி. ஒம் புள்ள எங்கம்மா ஓடப்போறான்?"

என் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ரூபி அத்தை அடக்க முடியாமல் சிரித்தார். "எங்க வீட்டுல ஒரு முடிவு எடுக்கணும்னா இத்தன வருசமா நாந்தான் கத்துதேன். தொண்ட போச்சு. இனிமே இவ கத்தட்டும்," என்றார். பொன்னையா மாமா அப்போதும் யாரிடமோ வலையின் தரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெபராஜ் நனைந்த சட்டையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "அது பொழச்சுக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. "தெரியாது," என்றேன். "தெரிஞ்சுக்கவும் முடியாது."

அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "இதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுக்காங்க?" என்றார். அன்று நான் முதன்முதலாகச் சிரித்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் நானும் அம்மாவும் காலிப் பாத்திரமும். ராயபுரம் நெருங்கியபோது திரும்பாமலே கேட்டார்: "அவியளுக்குச் சம்மதமாம். நீ என்ன சொல்லுத?"

"வேலைய விட மாட்டேன்ப்பா."

"விடச் சொன்னா அந்த ரூபியம்மா என்னய விடாது." பாலத்தைத் தாண்டினோம். "ஏட்டி, அது ஆணா, பொண்ணா?"

எது என்று புரியவே எனக்கு நேரம் பிடித்தது. அத்தனை வருடத்தில் என் மீன்களைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆண்ப்பா. சின்னப் பையன்தான். இன்னும் பருவத்துக்கு வரல."

"ம்," என்றார் அப்பா. "அப்பம் அவன் வீட்டுலயும் மத்தியானத்துலருந்து தேடிக்கிட்டு இருந்திருப்பாவ."

சுறாக்களுக்கு வீடு கிடையாது, பிறந்த கணத்திலிருந்தே ஒவ்வொன்றும் தனியாகத்தான் போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் சொல்லவில்லை.